முறுக்கு பெரட்டுக்கு வந்த விபரம்

ராகலை,
வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

அன்பிற்குரிய மாப்பிள்ளை நிரோஷன் அவர்களுக்கு, மாமனார் கந்தப்பன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் நாய்கள் இரண்டும் சுகம். இரண்டு என்ற சொல்லை அழுத்தி எழுதியிருக்கிறேன், தாளின் மறுபக்கத்தைத் தடவிப் பார்த்தால் தெரியும். அவ்விடம் கண்டியில் நீங்களும், என் மகள் நிஷாந்தியும், அவளுக்குத் துணையாக வந்திருக்கும் என் மனைவி நாகலெட்சுமியும், அவள் வயிற்றில் இருக்கும், இன்னும் பேர் வைக்காத அந்தச் சின்ன ஆளும் சுகமாயிருக்க நம் தோட்டத்துக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். தேங்காயில் பாதியை லட்டு தின்றுவிட்டது. அது சாமிக்குச் சம்மதம் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம், அதையும் வீட்டுக்கு அனுப்பாமல் நீங்கள் வேலை செய்யும் வேன் ஆபீசுக்கு ஏன் அனுப்புகிறேன் என்று யோசிப்பீர்கள். உங்கள் போனுக்கு எடுத்தால் ஹலோ சொல்வது நிஷாந்தி. நிஷாந்தியின் போனுக்கு எடுத்தால் ஹலோ சொல்வது நாகலெட்சுமி. நாகலெட்சுமியின் போனுக்கு எடுத்தால் பக்கத்து அறைக்காரர்கள் வரைக்கும் கேட்கும், அவளுக்கு ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியாது. நிஷாந்தி படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, பிரஷர் ஏறக் கூடாது, பதற்றம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கும் நேரத்தில் இது அவள் காதுக்குப் போகவே கூடாது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால்தான் உங்களிடமே சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

முதலில் இந்த ஹைக்கிங் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிஷாந்தி நாய்களை என்னிடம் விட்டுப் போகும்போது எழுதி வைத்த தாளில் ‘தினமும் காலையில் ஹைக்கிங் கட்டாயம்’ என்று இருந்தது. நான் அதை ஏதோ நாய் பிஸ்கட் என்று நினைத்து மர்சூக் நானாவின் கடையில் போய் அரைக் கிலோ கேட்டேன். அவர் கல்லாவில் சாய்ந்துகொண்டு, “அது திங்கிற சாமான் இல்ல ஐயா. மல ஏறி எறங்குறதுக்கு வச்ச பேரு” என்று சொல்லி, கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு அதை இன்னொரு தடவை சொன்னார். என் தாயார் நாற்பது வருடம் முதுகில் கூடையோடும் காலில் அட்டையோடும் அதே மலையைத்தான் ஏறி இறங்கினார். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை, சப்பாத்தும் கொடுக்கவில்லை. நான் ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வலதுகால் சப்பாத்தை முறுக்கு அன்றைக்கே தின்றுவிட்டது.

மாப்பிள்ளை, நீங்கள் வளர்த்த பிள்ளைகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. லட்டு முப்பத்து நாலு கிலோ, முறுக்கு முப்பத்தாறு கிலோ, நான் ஐம்பத்திரண்டு. கணக்குப் பார்த்தால் யார் யாரை ஹைக்கிங் கூட்டிப் போவது என்று உங்களுக்கே விளங்கும். முதல் வாரம் அவை என்னை லீக்ஸ் பாத்திக்குள் ஒரு தடவையும், கோவா பாத்திக்குள் இரண்டு தடவையும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசைக்கு நடுவே ஒரு தடவையும் இழுத்துக்கொண்டு போயின. அந்த வரிசையில் ராசம்மாவின் பகல் ரொட்டி மூன்றும் சம்பலும் இவற்றின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தன. (ராசம்மா நம் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரி, நாகலெட்சுமியின் கூட்டாளி, உங்களுக்குத் தெரியும்.) பிறகு இந்தப் பேர்கள். கறுத்த லாப்ரடோருக்கு முறுக்கு என்றும் மஞ்சள் லாப்ரடோருக்கு லட்டு என்றும் பேர் வைத்தது என் மகள், அதனால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுகிற ஒருவன் விடியற்காலையில் மலை உச்சியில் நின்று “லட்டு! லட்டு! முறுக்கு! முறுக்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினால் ஊர் என்ன நினைக்கும்? “பாவம், அம்மா கண்டிக்குப் போனதுலருந்து ஐயாவுக்கு வாய் கேக்குது” என்று பேசிக்கொண்டார்களாம்.

இரண்டாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. நீங்கள் ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவர், பெரட்டு என்றால் சரியாகத் தெரிந்திருக்காது. விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள், கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுத்தால் புத்தகத்தில் பேர் விழும். வேலை முழுசாகச் செய்தால் முழுப்பேர், பாதியில் கழன்றுகொண்டால் அரைப்பேர். முப்பத்திரண்டு வருடம் நான் அந்தப் புத்தகம் பிடித்தேன். வராத ஆளுக்காக இன்னொரு ஆள் குரல் கொடுக்கிற விளையாட்டு எல்லாத் தோட்டத்திலும் உண்டு. என் பெரட்டில் ஒரே ஒரு தடவைகூட நடந்ததில்லை. பனி மூடி முகமே தெரியாவிட்டாலும் இருமலை வைத்து இது இன்னார் என்று சொல்லிவிடுவேன். ஆகவே பழைய கொப்பி ஒன்றை எடுத்து, கோடு போட்டு, தினமும் காலை ஆறரைக்கு வாசலில் நாய்களை நிறுத்திப் பெரட்டு எடுக்க ஆரம்பித்தேன். லட்டு என்றால் லட்டு குரைக்க வேண்டும், முறுக்கு என்றால் முறுக்கு. குரைத்தால் ஒரு துண்டு ரொட்டி. நான்காவது நாளே பழகிவிட்டன. முறுக்குக்குச் சப்பாத்துக்காக ஓர் அரைப்பேரும், நாகலெட்சுமியின் தலையணைக்காக ஓர் அரைப்பேரும் போட்டேன். (தலையணையைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன், நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு படிக்கவும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிபோல் பதினோராம் நம்பர் மலையில், தைலமரக் காட்டுக்குக் கீழே, நான் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தேன், புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுச் சேவல் படபடவென்று கிளம்பியது, முறுக்கு பாய்ந்தது, நான் கயிற்றை விடாமல் கொஞ்ச தூரம் தேயிலைக்கு மேலேயே போனேன், பிறகு கயிறு மட்டும் என் கையில் இருந்தது, முறுக்கு இல்லை. பனி இறங்கிக்கொண்டே இருந்தது. போன மாதம் அந்தக் காட்டோரம்தான் ஓர் ஆட்டைச் சிறுத்தை தூக்கியது. நான் லட்டையும் இழுத்துக்கொண்டு, சரியாகச் சொன்னால் லட்டு என்னை இழுத்துக்கொண்டு, மேலும் கீழும் அலைந்தோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஓடி, “முறுக்கக் காணோம், முறுக்கக் காணோம்” என்று மூச்சு வாங்கச் சொன்னேன். என்னைத் தெரியாத புதுப் பெண் ஒருத்தி கூடையைச் சரிசெய்துகொண்டே, “யாராச்சும் தின்னிருப்பாங்க ஐயா, விடுங்க” என்றாள். அவள் பலகாரத்தைத்தான் சொன்னாள். எனக்கு அந்த ஆட்டின் ஞாபகம் வந்து பக்கத்தில் தெரிந்த மர வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாங்கு என்று நான் நினைத்தது ராசம்மாவின் கொழுந்துக் கூடை. அவள் என் கையைப் பிடித்துத் தூக்கி, “எந்திரிங்க ஐயா, நாங்களும் தேடுறோம்” என்றாள்.

பகல் தாண்டியது, காணோம். மூன்று மணி, காணோம். எனக்கு நாயைப் பற்றிய பயம் ஒரு பக்கம், ஐந்து மணியைப் பற்றிய பயம் மறுபக்கம். தினமும் ஐந்து மணிக்கு நிஷாந்தி வீடியோவில் வருவாள், “ரெண்டு பேரையும் காட்டுங்கப்பா” என்பாள், காட்டாமல் விட்டால் விடமாட்டாள். மாப்பிள்ளை, முந்தின வருடம் நடந்ததை நாம் யாரும் பேசுவதில்லை. நானும் இப்போது பேசப் போவதில்லை. ஆனால் பிள்ளை இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இங்கே நம் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் அவள் அறைக் கதவைத் திறக்கவில்லை, நீங்கள்தான் ஒரு மரக்கறிப் பெட்டியில் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து அந்தக் கதவுக்கு முன்னால் வைத்தீர்கள், அவை கத்திய கத்தலில் திறந்தாள். அப்புறம் அவற்றைக் கூட்டிக்கொண்டு தினமும் மலைக்குப் போனாள், போனவள் ஒரு நாள் கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். அன்றைக்கு நான் வாசலில் நின்று பார்த்தேன். ‘இந்த நாய்களுக்கு ஏன் இத்தனை செல்லம்’ என்று அதற்குப் பிறகும் நூறு தடவை கத்தியிருக்கிறேன், அது வேறு. முறுக்கு இல்லை என்று இந்த நேரத்தில் அவளிடம் எப்படிச் சொல்வது?

நாலு மணி அடிக்கிற நேரத்தில் துரை பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் பழைய பெரட்டுக் களத்தில் வந்து நின்றேன். இனிக் கூப்பிட இடமில்லை. சட்டைப் பையில் கொப்பி இருந்தது. எடுத்து விரித்தேன், நிமிர்ந்து நின்றேன், பழைய குரலை வயிற்றிலிருந்து எடுத்து, “லட்டு!” என்றேன். பக்கத்தில் லட்டு குரைத்தது. “முறுக்கு!” என்றேன். ஒன்றும் இல்லை. “முறுக்கு!” அப்போது கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, மாப்பிள்ளை. கணீரென்ற ஒரே குரைப்பு. பனிக்குள்ளிருந்து உடம்பெல்லாம் சேறாக, சிவப்புக் கழுத்துப்பட்டியை எங்கேயோ தொலைத்துவிட்டு, கறுப்பாக, முழுசாக என் முறுக்கு வந்து, எனக்கு முன்னால் நேராக உட்கார்ந்தது. நான் அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை, எழுதுகிறேன், சேற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அது என் சட்டைப் பையை மோந்து பார்த்தது.

வீட்டுக்கு ஓடி, மேலோட்டமாகக் கழுவி, ஐந்து மணிக்கு இரண்டையும் போனுக்கு முன்னால் உட்கார வைத்தேன். நிஷாந்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். “முறுக்கு என்னப்பா இவ்ளோ ஒழுங்கா ஒக்காந்திருக்கான்?” என்றாள். “எல்லாம் பெரட்டும்மா” என்றேன். “போன கொஞ்சம் கிட்ட கொண்டு போங்க” என்றாள். கொண்டு போனேன். அது போனுக்கு வலது கையைக் கொடுத்தது. “சரிப்பா, இவனையும் நல்லா பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், நாகலெட்சுமி பின்னாலிருந்து “சிரிக்காதடி, வயித்தப் பிடிச்சுக்க” என்று பதறுகிறாள், இவள் நிறுத்தவே இல்லை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. போனை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அப்படி ஒரு தேத்தண்ணியை நான் இதுவரை குடித்ததில்லை.

ஒரு நாள் காணாமல் போனது முறுக்குக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. ஆளே மாறிவிட்டது. சப்பாத்தைத் தொடுவதில்லை. தரையில் படுக்காது, என் சாய்வுக் கதிரைதான் வேண்டும். ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும், பட்டர் பூசினால்தான் சாப்பிடும். இங்கிலீஷில் சிட் என்றால் உட்காருகிறது, ஸ்டே என்றால் நிற்கிறது, நான் எப்போது சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. லட்டுதான் அதைப் பார்த்து இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கிறது, ஒழுங்காக இருப்பவனைக் கண்டால் சிலருக்குப் பொறாமை வரும், அதற்காக லட்டுக்கு இரண்டு அரைப்பேர் போட்டுவிட்டேன். ராசம்மாவும் இரண்டு நாளாக என்னைக் கண்டால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறாள், பல்வலி போலிருக்கிறது, கிராம்பு வைக்கச் சொன்னேன்.

நேற்று நம் தோட்டத்துத் துரை பங்களாவில் சமைக்கிற அழகன், கையில் ஒரு சின்ன மணியை ஆட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “ஐயா, நம்ம தொரையோட டியூக்கப் பாத்தீங்களா? குளிப்பாட்டுறதுக்கு பட்டியக் கழட்டினேன், ஓடிட்டான்” என்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முறுக்கு உள்ளே கதிரையில் தூங்கிக்கொண்டிருந்ததால் நானும் சத்தம் போடாமல், வேலியில் சாய்ந்து நின்று, “மணி அடிச்சா நாய் வராது தம்பி, பெரட்டு எடுக்கணும்” என்று முக்கால் மணி நேரம் விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு போனான். மாப்பிள்ளை, தன் நாயைத் தானே காக்கத் தெரியாத ஆட்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. என் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று நாகலெட்சுமி ஒரு வருடமாக நச்சரிக்கிறாள். அத்தனை பனியில் அத்தனை தூரத்தில் ஒரு கறுப்பு நாயை அடையாளம் கண்ட கண் இது என்று தகுந்த நேரம் பார்த்து அவளிடம் சொல்லவும். விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

நிஷாந்திக்கு இன்னும் இரண்டு வாரம். பொறுமையாகப் படுத்திருக்கச் சொல்லவும். பிறக்கிற பிள்ளை எதுவானாலும் நீண்ட ஆயுளோடும், நல்ல காலோடும், இந்த இரண்டையும் பிடித்து நிறுத்துகிற கையோடும் பிறக்க என் ஆசீர்வாதம். உங்களுக்கும் என் அன்பு. மிச்சத்தை நேரில் கையைக் காலை ஆட்டிச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நாய்கள் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கும் மாமனார்,
கந்தப்பன்
(ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை)

பி.கு: கவரை ஒட்டி முத்திரையும் ஒட்டிய பிறகு திரும்பப் பிரித்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை. ஆறரைக்குப் பெரட்டு எடுத்தேன். லட்டு என்றேன், குரல் வந்தது. முறுக்கு என்றேன், இரண்டு குரல் வந்தது. ஒன்று கதிரையிலிருந்து, ஒன்று வேலிப் படலைப் பக்கமிருந்து. படலையில் ராசம்மா நின்றாள். அவள் கையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் சிவப்புப் பட்டியோடும் நெற்றியில் சந்தனப் பொட்டோடும் வயிறு பெருத்து ஒரு கறுப்பு நாய், வாயில் யாருடையதோ ஒரு செருப்பு. லட்டு போய் அதை நக்கோ நக்கென்று நக்கியது. எனக்கு விளங்கிவிட்டது, மாப்பிள்ளை. “கீழ் டிவிஷன்ல எங்க தங்கச்சி வீட்டுல சடங்கு ஐயா, செவ்வாக்கெழமையிலருந்து இவன் பந்தியவிட்டு எந்திரிக்கல” என்றாள் ராசம்மா. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நிஷாந்தி பாப்பாதான் சொல்ல வேணாம்னுச்சு” என்று மறுபடியும் வாயைப் பொத்தினாள். பல்வலி இல்லையாம்.

உடனே நிஷாந்திக்குப் போன் எடுத்தேன். “மொத நாளே தெரியும்பா” என்கிறாள். “முறுக்குக்கு வலது காது ஓரம் கிழிஞ்சிருக்கும், அந்தப் பையனுக்கு ரெண்டு காதும் முழுசா இருந்திச்சி. அன்னைக்கே ராசம்மா அக்காவுக்கு எடுத்துக் கேட்டேன், முறுக்கு சடங்கு வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சிச்சி. நீங்க கண்டுபிடிச்சிட்டேன்னு அவ்ளோ சந்தோசமா இருந்தீங்களே அப்பா, அத எப்பிடி நான் ஒடைக்கிறது? ஒங்களுக்கும் பிரஷர் இருக்குல்ல?” அவள் பதறக் கூடாது என்று நான் மறைத்தேன், நான் பதறக் கூடாது என்று படுத்த படுக்கையில் இருந்துகொண்டு அவள் மறைத்திருக்கிறாள். உங்களுக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். ஆகவே இந்தக் கடிதத்தில் உங்களுக்குத் தெரியாத சங்கதி பெரிதாக ஒன்றும் இல்லை. முத்திரை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.

அழகனைக் கூப்பிட்டு டியூக்கைக் கொடுத்துவிட்டேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகை எனக்குத் தெரிந்த அழுகைதான். துரை கொழும்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறாராம், பிழைத்தோம். “அது சரி, நான் முறுக்குன்னு கூப்பிட்டதுக்கு இவன் ஏன் வந்தான்?” என்று கேட்டேன். “நாலு மணி தேத்தண்ணியோட இவனுக்கு தினம் ஒரு முறுக்கு குடுப்பேங்க ஐயா, முறுக்குன்னா உசுரு” என்றான்.

முப்பத்திரண்டு வருடம் என் பெரட்டில் ஒருவன் பேருக்கு இன்னொருவன் குரல் கொடுத்ததில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். நாகலெட்சுமியிடம் கண் ஆபரேஷனுக்கு நாள் கேட்கச் சொல்லவும். கொப்பியில் லட்டின் அரைப்பேர் இரண்டையும் திருத்தி முழுப்பேராக்கினேன். அதற்குக் கீழே நிஷாந்தி என்று எழுதி, மூன்று நாளுக்கும் முழுப்பேர் போட்டேன். அதற்கும் கீழே என் பேரை எழுதி, அரைப்பேர் போட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டேன்.